ஊர் திரும்பிய பிள்ளைகளும் இரவு நித்திரையும்

மீள்குடியேறிய கிராமங்களுக்கு எமது வெளிக்களப் பணியாளர்கள் வரும்போது முதலில் வீட்டுத்திட்டம், கிணறு, உலர் உணவு, விதைநெல் பற்றிய கேள்விகளே வரும். எல்லாம் பேசி முடித்து அவர்கள் எழும்பும் நேரத்தில் தாய்மார் சிலர் படலை வரை கூடவே வந்து மெதுவாக இன்னொன்றைக் கேட்பார்கள். "பிள்ளை இரவிலை படுக்குதில்லை. முகாமிலை நல்லாப் படுத்தவன், இப்பதான் இப்படி. என்ன செய்யிறது?" தன் வீட்டில் மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்ற வெட்கத்தோடு கேட்கிறார்கள். வெட்கப்பட ஏதுமில்லை. ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் இது நடக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு, செய்யக்கூடியவையும் உண்டு.

முகாமில் பிள்ளை எப்படிப் படுத்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கூடாரத்துக்குள் ஏழெட்டுப் பேர், சில வேளை இரண்டு குடும்பம். பக்கத்துக் கூடாரத்தின் இருமல் இங்கே கேட்கும். இரவு முழுவதும் எங்கோ ஒரு வெளிச்சம், ஆட்களின் பேச்சு, தண்ணீர்த் தாங்கியடியில் வாளிச் சத்தம். அதற்கு முன்னர் பதுங்கு குழிக்குள் படுத்த பிள்ளைகளுக்கு வேறொரு பழக்கமும் வந்துவிட்டது: சத்தம் அடங்கினால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது. இப்போது சொந்தக் காணிக்கு வந்திருக்கிறீர்கள். பக்கத்துக் காணிக்காரர் இன்னும் திரும்பவில்லை. வேலிக்கு அப்பால் பற்றைக்காடு. மின்சாரம் இல்லை. ஏழு மணிக்கே இருட்டு மூடிவிடும். உங்களுக்கு இந்த அமைதி, கனகாலம் காத்திருந்து கிடைத்த ஒன்று. பிள்ளைக்கோ அது பழக்கமில்லாத அமைதி. இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கு இது திரும்பி வந்த ஊரும் அல்ல. முதன்முதலாகப் படுக்கும் புது இடம். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆகவே பிள்ளை படுக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று எடுக்காதீர்கள். அதன் உடம்பு காவல் இருக்கிறது. இங்கே இரவில் ஒன்றும் நடக்காது என்பதை அந்த உடம்பு பல இரவுகள் கண்டுதான் நம்பும். ஒரு மாதம் செல்லலாம், சில பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடவும் செல்லலாம்.

நித்திரை குறைந்தால் என்ன நடக்கிறது

பெரியவருக்கு நித்திரை குறைந்தால் சோர்ந்து போவார். சிறு பிள்ளை பெரும்பாலும் அதற்கு எதிர்மாறாக நடக்கும். ஓடும், கத்தும், சகோதரங்களுக்கு அடிக்கும், சிறிய விடயத்துக்கெல்லாம் அழும், ஓரிடத்தில் இருக்காது. "சரியான குழப்படி" என்று பெயர் எடுக்கும். அதே பிள்ளை பாடசாலையில் இரண்டாம் மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலையைச் சாய்க்கும். அங்கே "சோம்பேறி", "மொக்கு" என்ற பெயர் விழும். இடம்பெயர்வினால் ஏற்கெனவே படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பாடசாலையே வெறுத்துவிடும். பாடசாலையை விட்டு இடைவிலகும் பிள்ளைகளின் வீடுகளில், பிள்ளை இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

நித்திரையின்போது உடம்பு சும்மா கிடப்பதில்லை. வளர்ச்சிக்கு வேண்டிய ஓமோன் ஆழ்ந்த நித்திரையில், அதாவது இரவின் முற்பகுதியில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. பகலில் படித்ததை மூளை நினைவில் பதிய வைப்பதும் நித்திரையில்தான். நோயை எதிர்க்கும் சக்திக்கும் நித்திரை தேவை. போதுமான சாப்பாடு கிடைக்காமல் மெலிந்திருந்த பிள்ளைக்கு நல்ல உணவோடு நல்ல நித்திரையும் சேர வேண்டும்.

3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 தொடக்கம் 13 மணித்தியாலம் தேவை. 6 முதல் 12 வயது வரை 9 தொடக்கம் 12 மணித்தியாலம். 13 முதல் 18 வயது வரை 8 தொடக்கம் 10. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. தூர இடத்திலிருந்து நடந்து போகும் பிள்ளை 5.30க்காவது எழும்ப வேண்டும். கணக்குப் பார்த்தால், எட்டு வயதுப் பிள்ளை இரவு 8 மணிக்கெல்லாம் நித்திரையாகியிருக்க வேண்டும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளையைக் காலை 4 மணிக்குத் தட்டி எழுப்பிக் குப்பி விளக்கில் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் இங்கே ஒரு வார்த்தை. இழந்த ஆண்டுகளைப் பிடித்துவிட வேண்டும் என்ற உங்கள் அவசரம் விளங்குகிறது. ஆனால் 10 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழும்பும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் படிப்பு நிற்காது. விடியப் படிப்பதானால் அதற்கேற்ப முந்திப் படுக்க விடுங்கள். பதின்ம வயதினரின் விடயம் சற்று வேறு. அந்த வயதில் உடம்பின் நேரமே பிந்துகிறது. இரவில் நித்திரை தாமதித்து வரும், காலையில் எழும்பக் கஷ்டப்படுவார்கள். அதை முழுக்கச் சோம்பல் என்று ஏசுவது நியாயமல்ல.

பிள்ளைக்கு எப்படிச் சொல்வது

"படு, படு" என்று நூறு முறை சொல்வதைவிட ஏன் படுக்க வேண்டும் என்று பகலில் ஒரு முறை விளங்கச் சொல்வது நல்லது. அதற்கு உங்கள் வளவிலுள்ள கிணறே போதும். ஊருக்கு வந்த புதிதில் கிணறு இறைத்ததைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்திருப்பார்கள். இயந்திரம் போட்டு அடிவரை இறைத்த பின் சேறுதான் மிஞ்சியது. மறுநாள் விடிய எட்டிப் பார்த்தபோது தண்ணீர் ஊறி நின்றது. இரவில் யாரும் கொண்டுவந்து ஊற்றவில்லை. இறைப்பதை நிறுத்தியதும் ஊற்று தன் வேலையைச் செய்தது. பகல் முழுவதும் ஓடி, விளையாடி, படித்து, தண்ணீர் சுமந்து பிள்ளையும் தன்னை இறைக்கிறது. இரவில் ஊறவிட வேண்டும். இதைக் கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது சொல்லிப் பாருங்கள், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். சற்றுப் பெரிய பிள்ளைகள் என்றால் நேரடியாகவே சொல்லலாம்: இன்று படித்த வாய்ப்பாடு இன்றிரவு நித்திரையில்தான் மனதில் பதியும் என்று.

பயமுறுத்திப் படுக்க வைக்க வேண்டாம். "பேய் வரும்", "பிள்ளை பிடிக்கிறவன் வருவான்" என்று முன்பெல்லாம் சொல்லி வளர்த்தோம். நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் இந்தப் பிள்ளைகள் கண்டவையும் கேட்டவையும் வேறு. இவர்களுக்கு அது வெறும் கதையாக இருக்காது.

ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு

இருட்டு பழகாத பிள்ளைக்கு மிகவும் உதவுவது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். அதற்குப் பணம் தேவையில்லை. ஆறரைக்குக் கைகால் கழுவிச் சாமி கும்பிடுதல் அல்லது செபம், தொழுகை. ஏழு மணிக்குச் சாப்பாடு. பிறகு மலசலகூடம் போய் வருதல், பாய் விரித்தல், நுளம்பு வலை கட்டுதல், ஒரு கதை. நேரம் முன்பின்னாகலாம். வரிசை மாறாமல் இருக்கட்டும். பாய் விரிப்பதையும் வலையின் ஓரத்தைச் செருகுவதையும் பிள்ளையிடமே விடுங்கள். தன் படுக்கையைத் தானே காபந்து செய்தேன் என்ற எண்ணம் பயத்தைக் குறைக்கும்.

படுக்கும் இடமும் மாறாமல் இருப்பது நல்லது. தற்காலிகக் கொட்டிலில் தனி அறை கிடையாது, அது குறையும் அல்ல. சகோதரங்களோடு சேர்ந்து, பெரியவர் ஒருவர் எட்டித் தொடும் தூரத்தில் படுப்பதே இப்போதைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது. அம்மம்மாவோ அப்பப்பாவோ வீட்டில் இருந்தால் கதை சொல்லும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். நரிக்கதையும் காகக்கதையும் போதும். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் அலுக்காமல் சொல்லுங்கள். முடிவு தெரிந்த கதைதான் பிள்ளைக்கு நித்திரையைக் கொண்டுவரும்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர், கோப்பி வேண்டாம். இரண்டிலும் நித்திரையைக் குழப்பும் பொருள் உண்டு. மின்சாரம் வந்துவிட்ட இடங்களில் இரவில் சண்டைப்படம் பார்ப்பதும் கைத்தொலைபேசியில் விளையாடுவதும் பழக்கமாகி வருகின்றன. கண்ணுக்கு நேரே படும் வெளிச்சம், நித்திரையை வரவழைக்கும் ஓமோனைச் சுரக்கவிடாமல் தாமதிக்கச் செய்யும். திருவிழா நாளில் விடியும்வரை விழித்திருப்பது வேறு விடயம். அதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை.

இன்னொன்று, பெரியவர்களாகிய எமக்கு. பிள்ளைகள் படுத்த பிறகுதான் நாம் மனம்விட்டுப் பேசுகிறோம். காணாமல் போனவரைப் பற்றி, காணிப் பிணக்கு, கடன், முகாமில் நடந்தவை. கொட்டிலின் தறப்பாள் மறைப்பு சத்தத்தை மறைக்காது. கண்ணை மூடிக் கிடக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். பாதி விளங்கும், மீதியைத் தானே கற்பனை செய்யும், அந்தக் கற்பனை உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். அந்தப் பேச்சை முற்றத்தின் மறுகரைக்குக் கொண்டுபோங்கள், அல்லது பிள்ளைகள் பாடசாலை போன பின் பேசுங்கள். இரவில் குடித்துவிட்டுச் சண்டை நடக்கும் வீட்டில் இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் பலிக்காது.

"அப்பா எப்ப வருவார்?" என்ற கேள்வியும் பெரும்பாலும் படுக்கும் நேரத்தில்தான் வரும். பொய் சொல்லாதீர்கள், ஏசி அடக்கவும் வேண்டாம். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லலாம். "எனக்கும் தெரியாது ராசா. நான் உன்னோடை இருக்கிறன். நாளைக்கு விடிய இதைப் பற்றிக் கதைப்பம்." சொன்னபடி மறுநாள் கதைக்க வேண்டும். கதைக்காவிட்டால் அடுத்த இரவு அந்தக் கேள்வி இன்னும் பாரமாகத் திரும்பி வரும்.

கெட்ட கனவும் இரவு அலறலும்

இவை இரண்டும் வெவ்வேறு. கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்புறத்தில் வரும். பிள்ளை விழித்துக்கொள்ளும், அழும், கண்டதைச் சொல்லும். அணைத்துப் பிடியுங்கள், தண்ணீர் கொடுங்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விளக்கைக் கொளுத்திக் காட்டுங்கள். கனவைப் பற்றி இரவில் விசாரிக்க வேண்டாம். பகலில், பிள்ளை விரும்பினால், அதை ஒரு தாளில் கீறச் சொல்லுங்கள். பிறகு அந்தப் படத்தின் முடிவைத் தன் விருப்பப்படி மாற்றிக் கீறச் சொல்லுங்கள். துரத்துவது ஓடிப்போகலாம், அம்மா வந்து கையைப் பிடிக்கலாம், பிள்ளைக்கு இறக்கை முளைக்கலாம். அதே கனவு திரும்பத் திரும்ப வரும் பிள்ளைக்கு இது பயன்படுகிறது.

இரவு அலறல் படுத்து முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வரும். பிள்ளை திடீரென எழுந்து குளறும், கண் திறந்திருக்கும், வியர்க்கும், உங்களையே தள்ளிவிடும், கூப்பிட்டால் விளங்காது. பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். உண்மையில் பிள்ளை ஆழ்ந்த நித்திரையில்தான் இருக்கிறது, காலையில் ஒன்றும் ஞாபகம் இராது. உலுக்கி எழுப்பவோ முகத்தில் தண்ணீர் அடிக்கவோ வேண்டாம். விளக்கும் அடுப்பும் தட்டுப்படாமல் காத்து, அருகில் இருந்து, மெதுவான குரலில் பேசுங்கள். சில நிமிடத்தில் தானாக அடங்கும். நித்திரை குறைந்த நாட்களில்தான் இது கூடுதலாக வருவதால், நேரத்தோடு படுக்க வைப்பதே முதல் மருந்து. நூல் கட்டுவதும் திருநீறு போடுவதும் பிள்ளைக்கும் உங்களுக்கும் ஆறுதல் தருமானால் செய்யுங்கள். அதோடு நிற்காமல் கீழே சொல்லும் அறிகுறிகள் இருந்தால் வைத்தியசாலைக்கும் போங்கள்.

படுக்கையில் சலம் போதல்

ஐந்து வயது வரை இது சாதாரணம். அதற்கு மேலும் பல பிள்ளைகளுக்கு இருக்கும். ஒரு காலம் நின்றுபோய் இடம்பெயர்வின் பின் மீண்டும் தொடங்கியிருந்தால் மனப்பயம் காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. அடித்தால் கூடும். நனைந்த பாயை வெயிலில் போடும்போது அயலுக்குக் கேட்கச் சொல்லிக் காட்டுவது, சகோதரங்கள் பட்டப்பெயர் வைப்பது, இவை அடியைவிட நோகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இந்த வெட்கத்தினாலேயே விழித்துக் கிடக்கலாம்.

நடைமுறையில் செய்யக்கூடியது: மிஞ்சிய தறப்பாள் துண்டு ஒன்றைப் பாயின் மேல் விரித்து, அதற்கு மேல் பழைய சேலையை நாலாக மடித்துப் போடுங்கள். காலையில் சேலையை மட்டும் அலசினால் போதும். நீங்கள் படுக்கப் போகும் முன் பிள்ளையை எழுப்பி ஒருமுறை சலம் கழிக்க விடலாம். பகலில் தண்ணீர் குடிப்பதைத் தடுக்காதீர்கள். சில வீடுகளில் உண்மையான காரணம் மலசலகூடம் வளவின் கோடியில் இருப்பதுதான். இருட்டில் அவ்வளவு தூரம் போகப் பயந்து அடக்கிக்கொண்டு படுக்கிறார்கள். இரவுக்கு மட்டும் மூடியுள்ள வாளி ஒன்றைக் கொட்டிலின் மூலையில் வையுங்கள். வெளியே போவதானால் பெரியவர் ஒருவர் ரோச் லைற்றுடன் கூடப் போக வேண்டும், பழகிய பாதையால் மட்டும். மிதிவெடி அபாயம் முற்றாக நீக்கப்படாத இடங்களில் பற்றைப் பக்கம் ஒதுங்கவே கூடாது.

சலம் போகும்போது எரிவு, மலச்சிக்கல், அளவுக்கு மீறிய தாகம், உடம்பு மெலிதல் ஆகியவற்றில் ஏதும் சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரவில் பிள்ளை ஓயாமல் சொறிந்தாலும் அப்படித்தான். சொறிசிரங்கின் கடி இரவில் கூடும், அதற்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும். குதவாயில் கடி என்றால் கீரைப்பூச்சியாக இருக்கலாம். இவற்றை மாற்றினாலே நித்திரை திரும்பிவிடும் பிள்ளைகள் உண்டு.

வலை, பாம்பு, விளக்கு

மருந்தூட்டப்பட்ட நுளம்பு வலை கிடைத்திருந்தால் அதை மீன்பிடிக்கோ பயிர்வேலிக்கோ எடுக்காமல் பிள்ளைகளுக்குக் கட்டுங்கள். வன்னியில் மலேரியா பட்ட பாட்டை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலேரியா நுளம்பு இரவில் கடிக்கும், டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். எனவே பகலில் படுக்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். கழுவினால் நிழலில் உலர்த்துங்கள், வெயில் மருந்தைக் கெடுக்கும்.

வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் சுற்றிவரச் செருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி நோகாமல் இருக்கலாம், அடையாளமும் தெரியாமல் போகலாம். இரவில் அல்லது விடியப்புறத்தில் பிள்ளை வயிற்றுவலி, வாந்தி என்று எழும்பி, கண்மடல் கீழே விழுந்தால், பாம்பைக் காணாவிட்டாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் பிள்ளைகளைச் சாக்குக் கட்டிலில் படுக்க விடுங்கள். நெல்மூடை உள்ள மூலை படுக்கும் இடமல்ல. அங்கே எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

இருட்டுக்குப் பயந்த பிள்ளைக்குச் சிறு வெளிச்சம் வைப்பதில் தவறில்லை. ஆனால் போத்தலில் திரி போட்டுச் செய்யும் மண்ணெண்ணெய் விளக்கைப் படுக்கையருகில் எரியவிடாதீர்கள். இவ்வாறான விளக்குகளால் எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சையளித்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடக்கும்புர, 'சுதீபா' என்ற பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998இல் சர்வதேச விருதும் பெற்றார். அது குட்டையான பாரமான கண்ணாடி, திருகி மூடும் மூடி, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை. அது கிடைக்காவிட்டால் சூரிய ஒளி விளக்கோ ரோச் லைற்றோ பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எரியாவிட்டாலும் அது அங்கே இருப்பது போதும் என்று சொல்லும் பிள்ளைகள் பலர்.

எப்போது உதவி தேட வேண்டும்

இவ்வளவும் செய்தும் ஒரு மாதத்துக்கு மேலாகப் பிள்ளை நித்திரையின்றித் தவித்தால், சாப்பாட்டையும் விளையாட்டையும் விட்டு ஒதுங்கினால், பாடசாலை போக மறுத்தால், சாவதைப் பற்றிப் பேசினால், அலறும்போது கைகால் இழுத்து வலிப்புப்போல் வந்தால், பலத்த குறட்டையோடு மூச்சு இடையிடையே நின்று வந்தால், காத்திருக்க வேண்டாம். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே கூட்டிச் செல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிரதேச வைத்தியசாலையிலோ சொன்னால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே போவதால் பிள்ளைக்கு "விசர்" என்று அர்த்தமில்லை. நித்திரைக் குளிசையோ நித்திரை வரச் செய்யும் சளி மருந்தோ கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். அது ஆபத்து.

போவதற்கு முன் ஏழு நாட்களுக்கு, பழைய கொப்பித்தாள் ஒன்றில், பிள்ளை படுத்த நேரம், நித்திரையான நேரம், எழும்பிய நேரம், இரவில் எத்தனை முறை எழும்பியது, என்ன சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவசரமான அறிகுறி இருந்தால் குறிப்புக்காக நாள் கடத்த வேண்டாம். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளை எழுதட்டும். அந்தத் தாளைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.